மானியத்தை நீக்கிப் போடும் கணக்கு

திட்ட அறிக்கை எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் உட்காரும்போதே கேட்பது, "மானியம் எவ்வளவு சார் வரும்?" என்றுதான். கேட்பதில் தவறில்லை. ஊருக்குள் வந்து சேர்வது 35 சதவீதம் என்ற எண் மட்டும்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறத்துப் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் அந்த விகிதம். பொதுப் பிரிவு ஆண்களுக்கு 25. நான் உடனே பதில் சொல்வதில்லை. சரக்கை எங்கே, எந்த மாதத்தில் வாங்குவீர்கள், ரொக்கமா கடனா, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்பேன். பிறகு மானியம் என்ற வரியையே எடுத்துவிட்டுக் கணக்குப் போடுவேன். அப்போதும் தவணை கட்ட முடிகிறது என்றால்தான் எழுதத் தொடங்குவேன்.

இது கஞ்சத்தனமான கணக்கு இல்லை. மானியம் கையில் வருவதே இல்லை என்பதுதான் காரணம். 6 லட்ச ரூபாய்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெண் தொழில்முனைவோரின் சொந்தப் பங்கு 5 சதவீதம், 30,000 ரூபாய். மீதி 5,70,000 வங்கிக் கடன். அரசு தரும் 2,10,000 அவர் பெயரில் வங்கியில் வைப்பாக 3 ஆண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கும் வட்டி வாங்கமாட்டார்கள். 3 ஆண்டு கழித்து, நேரில் வந்து பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகுதான் அது கடனில் கழியும். அதாவது மானியம் கிடைக்கும் நாள்வரை தொழில் மானியம் இல்லாமலேதான் ஓடியாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுவேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அது அவர்களுக்கு நல்லதுதான்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் அதிகம் கேட்பது மரச்செக்கு எண்ணெய்க்கு. ஒரு சிறு செக்கு நாளைக்கு 100 கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டுகிறது என்று வைப்போம். எண்ணெய் 40 கிலோவோ சற்றுக் கூடவோ வரும், மீதி பிண்ணாக்கு. மாதம் 25 நாள் ஓடினால் இரண்டரை டன் பருப்பு வேண்டும். கிலோ 100 ரூபாய் என்றாலே மாதத்துக்கு இரண்டரை லட்சம். மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் களத்துக்கு வரும். இறவைக் கடலை பங்குனி, சித்திரையில். விலை இறங்கியிருக்கும் அந்த வாரங்களில் மூன்று மாதச் சரக்கை வாங்கிப் போட நினைத்தால் ஏழரை லட்சம் வேண்டும். மொத்தத் திட்ட மதிப்பே 6 லட்சம்தான்!

ஆனால் ஊர் ஊராகச் சுற்றும் மாதிரி அறிக்கைகளில் 12 மாதமும் ஒரே அளவு கொள்முதல், ஒரே விலை. முதல் ஆண்டு 60 சதவீத உற்பத்தி, அடுத்து 70, அடுத்து 80. எந்தத் தொழிலுக்கும் இதே எண்கள். செக்கை எடுத்துவிட்டுத் தையல் இயந்திரத்தை வைத்தாலும் பொருந்தும். இவற்றைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் ஆடி மாதத்தில் ஏறிய விலைக்குப் பருப்பு வாங்கி, நட்டத்துக்கு எண்ணெய் விற்று, தவணை கட்டப்போகிறவர்.

திட்ட மதிப்பில் நடைமுறை மூலதனம் ஒரு சுற்றுக்கு மட்டுமே சேரும் என்பது விதி. மாதிரி அறிக்கை அந்தச் சுற்றை ஒரு மாதம் என்று நிரப்பிவிடுகிறது. செக்குக்காரருக்குச் சுற்று என்பது பருப்பு வாங்கிய நாள் முதல் கடைசி டின் எண்ணெயின் காசு வரும்வரை. கொள்முதல் மாதங்களைக் காட்டி, அந்தச் சுற்றை நியாயமான நீளத்துக்கு எழுதுவதுதான் என் வேலையின் நுட்பம். கூட்டியும் எழுதிவிடக் கூடாது. நடைமுறை மூலதனக் கடன் வரம்பை 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது முழுதாகத் தொட வேண்டும், சராசரியாக 75 சதவீதம் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்கு மானியம் திரும்பிப் போய்விடும். சரக்கு சேமிப்பதாக எழுதினால் உலர்களத்துக்கும் மரப்பலகைக்கும் செலவு எழுத வேண்டும். சரியாகக் காயாத கடலையை மூட்டை கட்டி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் நஞ்சு ஏறும். இந்தப் பத்தாயிரம், இருபதாயிரத்தைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள்.

கொட்டேஷனை ஏற்றிப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அது குற்றம் என்பது ஒருபுறம். 2 லட்சம் ஏற்றினால் மானியம் 70,000 கூடும், அது கழிந்த பிறகும் 1,20,000 கடன் சேர்ந்து கூடும். அந்தக் கடனுக்கு எதிரில் இயந்திரமும் இல்லை, சரக்கும் இல்லை.

சொந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்றும் கட்டாயம் விசாரிக்கிறேன். வாரத்தவணைக் கடனில் வந்தால், செக்கு இறங்குவதற்கு முன்பே முதல் தவணை வந்து வாசலில் நிற்கும். அதனால்தான் மகளிர் குழுக்களின் சுழல்நிதியை நான் பெரிதாக மதிக்கிறேன். 1980 முதல் நாடெங்கும் நடந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக்குக் கிடைத்த மானியம் ஒரு வீட்டுக்குள் போய் அங்கேயே முடிந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்களில், ஒருத்தி கட்டும் பணம் அடுத்தவளுக்குக் கடனாகப் போகிறது. இன்றைய உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான திட்டத்திலும், குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் கூட்டமைப்பின் வழியே உண்டு. செக்கு வைக்க வருகிற பெண்ணிடம், முதலில் அதில் ஒரு பருவம் கடலை வாங்கி, வாடகைச் செக்கில் ஆட்டி, விற்றுப் பாருங்கள் என்கிறேன். அந்தப் பருவத்தின் கொள்முதல் நோட்டை அறிக்கையின் பின்னிணைப்பாக வைக்கிறேன்.

இப்போது தவணை அட்டவணையையும் நானே மாற்றி எழுதிச் சேர்க்கிறேன். கொள்முதல் நடக்கும் மாதங்களில் வட்டி மட்டும், விற்பனை ஓடும் மாதங்களில் கூடுதல் அசல். எல்லா வங்கி மேலாளரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாதவரிடம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் மாதவாரிக் கடலை வரத்தையும் விலையையும் எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து, மறுபடியும் பேசுகிறேன்.