தேன்நிலவில் ஒன்றரைக் கோடி!

கல்யாணமான பதினெட்டாம் நாள் நான் கோடீஸ்வரன் ஆனேன். மாமனார் தயவில் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்த வாய்ப்பை வழங்கியது வியட்நாம்!

"ஹனிமூனுக்கு வியட்நாம் போறேன் சார், எட்டு நாள் லீவு வேணும்" என்று மேனேஜரிடம் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே யுத்தம்னா நடந்துக்கிட்டிருக்கு?"

"அது 1975-லேயே முடிஞ்சிடுச்சு சார்."

"அப்படியா... நம்ம ஆபீஸுக்குத் தகவல் வரலையே" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

கோலாலம்பூரில் விமானம் மாறி டா நாங் நகரில் இறங்கினோம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஈடான பணத்தை மாற்றினால் கை நிறைய நோட்டு. நாங்கள் போனபோது ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். ஆக மொத்தம் ஒன்றரைக் கோடி! ஏர்போர்ட்டிலேயே நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. வெளியே வந்து இரண்டு இளநீர் குடித்தேன். ஒரு லட்சம் போச்சு. விரிந்த நெஞ்சு பழைய அளவுக்கு வந்துவிட்டது.

தங்கியது ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரில். மஞ்சள் சுவர், ஓட்டு வீடு, தெருவெல்லாம் காகித விளக்கு. ஜப்பானிய வியாபாரிகள் கட்டிய நானூறு வருடத்துப் பாலம் ஒன்று, கூரையோடு இருக்கிறது. 2024-ல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். அந்த நாட்டு 20,000 டாங் நோட்டில் அச்சாகியிருப்பது அதே பாலம்தான்.

சகதர்மிணி சைவம். முதல் நாள் பட்டினி கிடக்கப் போகிறாள் என்று பயந்தேன். ஒரு கடை வாசலில் 'சாய்' என்று போர்டு. "டீயாவது குடிப்போம் வா" என்று நுழைந்தால் தட்டில் சோறும் டோஃபுவும் கீரையும் வருகிறது! வியட்நாமிய மொழியில் 'சாய்' என்றால் சைவச் சாப்பாடாம். வெளியூர் போகும் சைவ நண்பர்களே, டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மீ சன். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் முதல் கோயிலை எழுப்பி, தன் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று சாமிக்குப் பெயர் வைத்தான். மரத்தால் கட்டிய அந்தக் கோயில் எரிந்துபோக, சம்புவர்மன் செங்கல்லால் கட்டினான். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று படித்து மார்க் வாங்கிய நமக்கு இந்தப் பெயர்களைக் கேட்டால் அடுத்த தெருக்காரர் மாதிரிதான் தோன்றுகிறது.

எழுபதுக்கு மேல் இருந்த கட்டடங்களில் இன்று மிஞ்சியவை இருபது சொச்சம். 1969-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில், இருந்தவற்றிலேயே பெரிய கோபுரம் தரைமட்டம். குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் புல் முளைத்திருக்கிறது. நம் இந்தியத் தொல்லியல் துறைக்காரர்கள் போய்ச் சில கோயில்களைச் சீர்செய்தார்கள். அப்போது 2020-ல் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று, ஒரே மணற்கல்லில் செய்தது, முழுசாகக் கிடைத்தது.

"செங்கல்லுக்கு நடுவே சாந்தே தெரியலை பாருங்க. எப்படி ஒட்டினாங்கன்னு இன்னும் விவாதம் நடக்குது. மரப்பிசின்னு ஒரு கட்சி சொல்லுது" என்றார் கைடு. சகதர்மிணி சுவரைத் தடவிப் பார்த்தாள். "போட்டோ எடுக்கிறேன், போனைக் குடுங்க" என்று வாங்கினாள்.

அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது போன்.

தேதி ஐந்து. 'தங்கள் தனிநபர் கடன் தவணை ரூபாய் 9,600 கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது.'

விஷயம் இதுதான் சார். கல்யாணச் செலவில் என் சேமிப்பு காலி. 'இன்சென்டிவ் வந்திருக்கு' என்று அவளிடம் புளுகிவிட்டு, இரண்டு லட்சம் கடன் வாங்கியிருந்தேன். இருபத்து நான்கு தவணை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். கைடு 1969 குண்டுவீச்சைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை!

அன்று ராத்திரி ஹோய் ஆன் முழுக்க விளக்கு எரிந்தது, எங்கள் அறையைத் தவிர.

மூன்றாம் நாள் ஆன் பாங் கடற்கரை. தென்னங்கீற்றுக் குடை, வெள்ளை மணல், காலை நனைக்கும் அலை. விளம்பரப் படத்தில் வருகிற எல்லாம் இருந்தது, பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. கரையில் ஒருவர் வட்டப் படகைக் கவிழ்த்துப்போட்டு எதையோ பூசிக்கொண்டிருந்தார். நம்ம ஒகேனக்கல் பரிசலேதான்! இது மூங்கிலில் பின்னியது, கடலில் போகிறது. சகதர்மிணி எழுந்து போய்ச் சைகையிலேயே விசாரித்தாள். பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன் இங்கிலீஷில் சொன்னான். "மரப்பிசின். இது பூசினாத்தான் தண்ணி உள்ளே வராது."

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது மணி நேரம் கழித்து முதல் வாக்கியம்.

"ஏங்க, ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சா பூசிடலாம். மறைச்சு வச்சா நடுக்கடல்லதானே தெரியும்?"

"உன்னைச் சந்தோஷமா வச்சுக்கணும்னுதான்..."

"நான் கேட்டேனா? மகாபலிபுரம் போயிருந்தாலும் கோயிலும் கடலும் இருந்திருக்கும். கடன் வாங்கினது கோபமில்லே. புளுகினதுதான். நாளைக்கு வேற எதைச் சொன்னாலும் எப்படி நம்பறது?"

பதில் இல்லை என்னிடம். "தப்புதான்" என்றேன். ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக ஒரு மெமோவுக்குக்கூட நான் எழுதாத வார்த்தை.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள். அவளும் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. என் சம்பளம், அவள் சம்பளம், வாடகை, அம்மாவுக்கு அனுப்புவது. ஒரு வருஷத்தில் கடனை முடித்துவிடலாம் என்றாள். அதற்கு என் பங்காக, சிகரெட் அன்றே நின்றது. பிறகு இருவரும் அந்தப் பரிசலில் ஏறினோம். படகுக்காரர் அதைச் சுற்றிய சுற்றில் அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள் பாருங்கள்... ஒன்றரைக் கோடியும் அங்கேயே செரித்தது!

திரும்பும்போது கையில் மிஞ்சியது ஒரே ஒரு 20,000 டாங் நோட்டு. நம்ம ஊர்க் கணக்கில் எழுபது ரூபாய்க்குள். மாற்ற வேண்டாம் என்றாள். இப்போது அது எங்கள் வீட்டு பீரோவில், கடன் பத்திரத்தின் மேல், பாலம் தெரியும்படி கிளிப் போட்டு இருக்கிறது.

இன்னும் ஏழு தவணை பாக்கி சார்!