தோற்ற ஒட்டகமும் கால் முறிந்த குதிரையும்

குதிரைப் பந்தயம் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது சூதாட்டமே. பணம் கட்டிச் சூதாடுவது ஹராம் என்பதில் மார்க்கத்தில் எவ்வித ஐயமும் இல்லை. ஆனால் ஹதீஸ் வகுப்பில், நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைகளுக்கிடையே ஓட்டப் போட்டி நடத்தினார்கள் என்ற அறிவிப்பு வரும்போது மாணவர்கள் வியப்புடன் நிமிர்ந்து பார்ப்பார்கள். பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறைந்த தூரமே வகுக்கப்பட்டது.

சென்ற ஆண்டு இப்பாடத்தின்போது ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், பந்தயம் கட்டாம, ஜெயிச்ச குதிரைய பாத்து சந்தோஷப்பட்டா மட்டும் தப்பா?" நல்ல கேள்வி. அவருக்கு நான் பார்பரோ என்ற குதிரையின் வரலாற்றைச் சொன்னேன்.

அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள சர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஆண்டுதோறும் மே மாதத்தில் கென்டக்கி டெர்பி நடைபெறுகிறது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே கலந்துகொள்ளும், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஓட்டம் அது. அங்கு ஓடும் தரோபிரெட் இனத்தின் மூதாதையரில் ஒன்று, 1704-இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரபுக் குதிரை. 2006 மே 6 அன்று, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, அதுவரை தோல்வியையே அறியாத பார்பரோ ஆறரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரை 1978-க்குப் பிறகு அதுவரை தோன்றியிருக்கவில்லை. இதுவே அடுத்தது என்று இரசிகர்கள் நம்பினர்.

இரண்டே வாரங்களில், மே 20 அன்று, பால்டிமோரில் நடந்த இரண்டாவது பந்தயத்தில், புறப்பட்ட சில நொடிகளிலேயே பார்பரோவின் வலது பின்னங்கால் முறிந்தது. ஓட்டுநர் எட்கர் பிராடோ கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, இறங்கி, குதிரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஆரவாரித்த கூட்டம் அழுதது. அன்று முதலில் வந்தது துபாய் ஆட்சியாளரின் பெர்னார்டினி என்ற குதிரை. ஆனால் வென்றதைக் கொண்டாடும் மனநிலை பலருக்கு இருக்கவில்லை.

இதன் பிறகு நடந்ததே என் மாணவருக்கான பதில். கால் முறிந்த பந்தயக் குதிரையைப் பெரும்பாலும் அங்கேயே கருணைக்கொலை செய்துவிடுவார்கள். பார்பரோவின் உரிமையாளர்களோ அதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினர். இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கிய எலும்பை மருத்துவர்கள் உலோகத் தகடும் 27 திருகாணிகளும் கொண்டு இணைத்தனர். மருத்துவமனைக்குப் பூக்களும் ஆப்பிள்களும் கேரட்டுகளும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிந்தன. இனி அது ஓடாது என்று அனைவருக்கும் தெரியும். ஆயினும் எட்டு மாதங்கள் மக்கள் நாள்தோறும் அதன் நலம் விசாரித்தனர். எடை முழுவதையும் தாங்கிய மற்றக் காலின் குளம்பு நோயுற்றது. வேதனையைத் தணிக்க வழியற்ற நிலையில், 2007 ஜனவரி 29 அன்று அதன் உயிர் முடிக்கப்பட்டது.

இரசிகர்கள் கலைந்துவிடவில்லை. அவர்களில் பலர் நிதி திரட்டி, பந்தயத்தில் பயனற்றுப் போய் இறைச்சிக்காக விற்கப்படவிருந்த குதிரைகளை மீட்டனர். அக்குதிரைகள் எந்தக் கோப்பையையும் வென்றவை அல்ல.

மனிதர்கள் மடியும் உலகில் ஒரு குதிரைக்காக இவ்வளவு கண்ணீரா என்று கேட்டோரும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் ஓதும் நாம், அக்கண்ணீரை எளிதில் இகழ முடியாது. நாம் கேட்கவேண்டியது வேறு. மூன்று வயதுக் குதிரையை, பல கோடிப் பணம் சுழலும் ஓட்டத்தில் இரண்டு வாரத்துக்குள் இருமுறை விரட்டியதும் அதே ஆரவாரம்தானே? வாயில்லாப் பிராணி நம்மிடம் விடப்பட்ட அமானத். அதன் ஆற்றலை அறிந்து தூரத்தை வகுப்பதும் அந்த அமானத்தில் அடங்கும்.

பிறகு மாணவர்களுக்கு இன்னொரு நிகழ்வையும் நினைவூட்டினேன். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பாவை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். நபித்தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதை உணர்ந்த நபியவர்கள் முந்தியவரைக் கடிந்துகொள்ளவில்லை. உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று உணர்த்தினார்கள்.

வெற்றியில் மகிழ்வது தவறன்று என்றே அம்மாணவருக்குச் சொன்னேன். வென்றபோது காட்டிய அன்பு, வெல்ல முடியாதபோதும் நீடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளையை எதிர்கொள்ளும் பெற்றோருக்கும் இதுவே என் வேண்டுகோள். அல்லாஹ் நம் உள்ளங்களில் அத்தகைய இரக்கத்தை விதைப்பானாக. ஆமீன்.