வடக்கே ஒரு மையர், தெற்கே ஒரு மையர்

ஜெர்மனியின் நகரங்களில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு எண் உண்டேயொழிய, அவற்றினுள் இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் எண் இருப்பதில்லை. தெருவாயிலில் பதித்துள்ள அழைப்புமணிப் பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அருகே குடியிருப்பவரின் குடும்பப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அஞ்சல்காரரும் விருந்தினரும் அதைக் கொண்டே வீட்டை அறிகின்றனர். இவ்வழக்கத்தின் பயனாக, வடக்கே பிரேமன் நகரில் இரயில் ஏறித் தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரம் வரை சென்று, இறங்கும் ஊர்களிலெல்லாம் வாயிற்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கும் பயணிக்கு, அந்நாட்டின் பெயர்களும் நிலமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது மெல்ல விளங்கத் தொடங்குகிறது. இத்தகைய படிப்புக்கு, எங்கும் ஒரே வடிவில் நிறைந்திருக்கும் முல்லர் என்னும் பெயர் அவ்வளவாக உதவாது. ஊருக்கு ஊர் உடை மாற்றிக்கொள்ளும் மையர் என்னும் பெயரே ஏற்றது.

ஒரே விதமாக ஒலிக்கும் இப்பெயரை ஜெர்மானியர் குறைந்தது ஐந்து விதமாக எழுதுகின்றனர். தமிழ் எழுத்தில் ஐந்தும் மையர் என்றே வந்து நிற்பதால், இடையில் வரும் உரோமன் எழுத்துகளின் பெயரைச் சொல்லித்தான் இங்கே அவற்றைப் பிரித்துக் காட்ட இயலும்: ஈ-ஒய் மையர், ஈ-ஐ மையர், ஏ-ஐ மையர், ஏ-ஒய் மையர், ஐந்தாவதாக ஏ-ஒய் இட்டபின் இறுதி உயிரெழுத்தை விட்டுவிட்ட குறுவடிவ மையர். ஜெர்மனியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே; வங்கியிலோ தொலைபேசியிலோ பெயர் சொல்லும் மையர், கேட்பவர் கேட்குமுன்பே எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம்.

மாவு ஆலைக்காரரைக் குறிக்கும் முல்லர் ஜெர்மனியில் முதலிடத்தில் இருக்கிறது. நூறு பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குச் சற்றுக் கீழே அதன் பரவல் அமைகிறது. கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் இரண்டாவது, தையல்காரரைக் குறிக்கும் ஷ்னைடர் மூன்றாவது. ஈ-ஒய் மையர் தனித்து நின்றே முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்துவிடுகிறது. எல்லா எழுத்து வடிவங்களையும் ஒன்றாகக் கூட்டினால் மையர்கள் ஷ்னைடர்களைத் தாண்டி மூன்றாம் இடத்தைப் பிடித்துவிடுவர். ஆயினும் இத்தகைய தேசியப் பட்டியல்கள் சொல்வதைவிட மறைப்பதே மிகுதி எனலாம். கீழ் சாக்சனி மாநிலத்தின் பல பகுதிகளில் முல்லரைப் பின்தள்ளி ஈ-ஒய் மையர் முன் நிற்பதையும், அதே வடிவம் பவேரியச் சிற்றூரில் வெளியூர்க்காரரின் அடையாளமாகிவிடுவதையும் மொத்த எண்ணிக்கை காட்டுவதில்லை. ஃப்ரைபர்க், மைன்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கொன்ராட் குன்சே, டமாரிஸ் நியூப்லிங் ஆகியோர் 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ஜெர்மானியக் குடும்பப் பெயர் நிலப்படத் தொகுதிகளே அந்த வேறுபாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் காட்டின.

பெயரின் தோற்றத்தைத் தேடுபவர் பிரேமனிலிருந்து ஹனோவர் வழியாக ஃபோல்ஃபென்ப்யூட்டல் என்னும் சிறு நகருக்குச் செல்வது பயனுடையது. அங்குள்ள ஹெர்ட்சாக் ஔகுஸ்ட் நூலகத்தில், பேரரசர் சார்லமேனின் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, அரச பண்ணைகளின் நிர்வாகத்துக்காக எழுந்த எழுபது விதிகள் கொண்ட கட்டளைத் தொகுப்பின் எஞ்சிய ஒரே கையெழுத்துப் படி காக்கப்படுகிறது. அதில் மாயோர் என்னும் இலத்தீன் சொல் பண்ணைக் காரியக்காரரைக் குறிக்க வருகிறது. மூத்தவர், பெரியவர் என்னும் பொருளுடைய அச்சொல்லே ஜெர்மன் நாவில் மையர் ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சென்று, பிறகு தமிழ்நாட்டு மாநகராட்சிகளுக்கும் மேயர் என வந்து சேர்ந்ததும் அதுவே. நிலவுடைமையாளரின் சார்பில் உழவர்களிடம் தானியமும் உழைப்பும் பெற்றுத் தரும் இந்த மையரைப் பழைய தமிழ்நாட்டு மணியக்காரரோடு ஒப்பிட்டால் பெரிய பிழை நேராது. ஒரே நாளில் சுற்றிப் பார்க்க இயலும் அளவுக்கு மேல் எந்தக் காரியக்காரரிடமும் நிலம் ஒப்படைக்கலாகாது என்றும், செல்வாக்குள்ளவர்களை விடுத்து நம்பிக்கைக்குரிய நடுத்தர மனிதர்களையே அப்பதவிக்கு அமர்த்த வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறுகின்றன. சார்லமேனின் முன்னோர், பிராங்கிய மன்னர்களின் அரண்மனைக் காரியக்காரர்களாக, அதாவது அரண்மனை மாயோர்களாக இருந்து, கி.பி. 751இல் எசமானரை இறக்கிவிட்டுத் தாமே அரியணை ஏறியவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எச்சரிக்கையின் பின்னாலிருந்த குடும்ப அனுபவம் புலப்படும்.

பண்ணைக்கு ஒரு காரியக்காரர்தான் என்னும்போது, மையர்கள் இத்தனை பேர் எங்கிருந்து வந்தனர் என்னும் கேள்வி எழுகிறது. விடை கீழ் சாக்சனியின் நிலவுரிமை வரலாற்றில் கிடைக்கிறது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில், காரியக்காரர்கள் விளைச்சலைத் தம் பங்காக்கிக்கொள்வதைத் தடுக்க முடியாத மடாலயங்களும் பிரபுக்களும் பழைய பண்ணை முறையைக் கலைத்து, நிலத்தைக் குறிப்பிட்ட கால அளவுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கினர். அந்தக் குத்தகைக்கு மையர் உரிமை என்றும் அதைப் பெற்ற உழவருக்கு மையர் என்றும் பெயர் நிலைத்தது. காலப்போக்கில் அது பிரிக்கவியலாத பரம்பரை உரிமையாக மாற, ஊரின் பெரிய உழவர் முழுமையர் என்றும், அவரிற் பாதி நிலமுடையவர் அரைமையர் என்றும் வகுக்கப்பட்டனர். குடிசையும் துண்டு நிலமும் மட்டும் உடையவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. அதிகாரியின் பட்டம் இவ்வாறு உழவரின் பட்டமாகத் தாழ்ந்து பரவியதே வடக்கில் இப்பெயர் பெருகியதற்குக் காரணம். ஆஸ்னாப்ரூக் நகரின் வழக்குரைஞரும் அரசியலாளருமான யோஹான் கார்ல் பெர்ட்ராம் ஸ்டியூவே முன்னின்று நிறைவேற்றிய 1833ஆம் ஆண்டுச் சட்டம், நிலப்பிரபுக்களுக்கு ஈட்டுத்தொகை செலுத்தி நிலத்தை முழுவுடைமையாக்கிக்கொள்ளும் வழியை ஹனோவர் அரசின் உழவர்களுக்குத் திறந்துவிட்டது. மையர் உரிமை மறைந்தது, பெயர் தங்கிற்று.

அந்த உழவர்களின் வீடுகளைக் காண க்ளோப்பன்பூர்க் நகரின் திறந்தவெளி அருங்காட்சியகம் உண்டு. மரச்சட்டங்களுக்கிடையே சுவரெழுப்பி, மனிதரும் மாடும் தானியமும் ஒரே பெருங்கூரையின்கீழ் தங்குமாறு கட்டிய அவ்வீடுகளின் அகன்ற வாயிலுக்கு மேலுள்ள உத்தரத்தில், கட்டிய ஆண்டும் கணவன் மனைவியின் பெயர்களும் இறைவேண்டலும் செதுக்கப்பட்டிருக்கும். அழைப்புமணிப் பலகையின் மூதாதை என்று அந்த உத்தரத்தைக் கருத இடமுண்டு.

அங்கிருந்து தெற்கே, ஹெர்ஃபோர்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கர் என்னும் சிற்றூரில் மையர்களுக்கு ஒரு வீரமரபும் இருக்கிறது. சார்லமேனை எதிர்த்துப் போரிட்டு, 785இல் திருமுழுக்குப் பெற்ற சாக்சன் தலைவர் விடுகிண்டின் நினைவுக் கல்லறை இவ்வூர்த் தேவாலயத்தில் உள்ளது. சுற்றுவட்டாரத்துப் பெரும்பண்ணைகள் சிலவற்றின் உடைமையாளர்கள் சேண மையர்கள் எனப்பட்டனர். சேணம் பூட்டிய குதிரையொன்றைப் போருக்கு ஆயத்தமாக வைத்திருப்பது அவர்கள் கடமை எனவும், அவர்கள் விடுகிண்டின் தோழர்களின் வழிவந்தோர் எனவும் ஊர்க்கதை கூறும். சேண மையர் இறந்தால் சவப்பெட்டியின் பின்னே சேணம் பூட்டிய குதிரையை நடத்திச் செல்லும் வழக்கமும் இருந்தது. கதையின் முற்பகுதியை வரலாறாகக் கொள்வது கடினம் எனினும், உழவர்களுக்குள்ளேயே ஒரு மேட்டிமையை இப்பெயர் தாங்கியிருந்ததற்கு இது நல்ல சான்று. இப்பகுதியில் மையர் என்பதோடு பண்ணையின் பெயரையும் சேர்த்து, இன்ன பண்ணையின் மையர் என்று நீண்டு ஒலிக்கும் குடும்பப் பெயர்களைப் பிரபுக்களின் பெயர்கள் என்று மயங்குவோர் உண்டு. அவை தூய உழவர் பெயர்களே. பண்ணையில் மருமகனாகப் புகுந்தவர் தம் தந்தையின் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பதும் இங்கு மரபாக இருந்தது. மனிதருக்கு நிலம் உரியதா, நிலத்துக்கு மனிதர் உரியவரா என்னும் ஐயம் இவ்வழக்கில் எளிதில் தீர்ந்துவிடுகிறது.

ரைன் நதியை நோக்கிச் செல்லும் இரயில் ரூர் தொழிற்பகுதியைக் கடந்து போகிறது. எதிரி விமானம் ஒன்றேனும் இப்பகுதிக்கு மேல் பறந்தால் தம்மை மையர் என்று அழைக்கலாம் என்று, 1939இல் நாஜி ஜெர்மனியின் வான்படைத் தலைவர் ஹெர்மான் கோரிங் வீம்பு பேசியதாகச் சொல்லப்படுவதுண்டு. நடக்கவே நடக்காது என்பதை வலியுறுத்த, பெயரை மையர் என மாற்றிக்கொள்வதாகச் சூளுரைப்பது ஜெர்மன் பேச்சு வழக்கு. குண்டுகள் பொழியத் தொடங்கியபின் மக்கள் அபாயச் சங்குக்கு மையரின் ஊதுகொம்பு என்று பெயரிட்டுக்கொண்டனர்.

குடும்பப் பெயர்களுக்கான பெரிய மின்னகராதி ஒன்றைத் தொகுத்துவரும் அறிவியல், இலக்கியக் கழகம் இருக்கும் மைன்ஸ் நகருக்கும், அதற்குத் தெற்கே ரைன் கரையிலேயே அமைந்த வோர்ம்ஸ் நகருக்கும் சென்றால், இப்பெயரின் இரண்டாவது ஊற்றைக் காணலாம். வோர்ம்ஸ் நகரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில், ரோத்தன்பூர்க் ஊரினரான ரபி மெய்ர் அடக்கமாகியிருக்கிறார். ஹாப்ஸ்பூர்க் அரசர் ருடோல்ஃபால் 1286இல் சிறைப்பட்ட அவர், தம் விடுதலைக்காகச் சமூகம் பணயத்தொகை செலுத்த இசையாமல் 1293இல் சிறையிலேயே இறந்தார். 1307இல் அலெக்சாண்டர் விம்ப்ஃபென் என்பவர் பெருந்தொகை கொடுத்து உடலை மீட்டார். மீட்டவரின் கல்லறையும் அடுத்தே இருக்கிறது. இரண்டின் மீதும் வழிபட வருவோர் வைத்துச் செல்லும் கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. ஒளி தருபவர் என்று பொருள்படும் மெய்ர் என்னும் எபிரேயப் பெயர், யூதரிடையே தந்தை பெயராக வழங்கி வந்தது. நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆஸ்திரியா 1787இலும் பிரஷ்யா 1812இலும் பவேரியா 1813இலும் யூதர்களைப் பணித்தபோது, பலரும் தந்தை, பாட்டன் பெயரைக் கொண்டு மையர் ஆயினர். ஆக, ஒரே வாயிற்பலகையில் அடுத்தடுத்து இருக்கும் இரு மையர்களில் ஒருவர் சாக்சன் குத்தகைக்காரரின் வழியிலும் மற்றவர் ரபியொருவரின் பெயர் வழியிலும் வந்திருக்கலாம். எழுத்தைக் கொண்டு யார் எவர் என்று கூற முடியாது. அப்படிக் கூற முடியும் என்று பிடிவாதம் பிடித்த ஓர் ஆட்சி பிறகு அந்நாட்டில் நடந்தது.

மைன் நதியைத் தாண்டித் தெற்கே இறங்க இறங்க, பலகைகளில் ஈ எழுத்து குறைந்து ஏ எழுத்து பெருகுகிறது. தென் ஜெர்மானியப் பேச்சில், பழங்காலத்து ஐ ஒலியும் நெடில் ஈகாரத்திலிருந்து பிற்காலத்தில் தோன்றிய ஐ ஒலியும் ஒன்றாகக் கலக்கவில்லை. ஆகவே ஔக்ஸ்பூர்க் போன்ற நகரங்களின் எழுத்தர்கள் பழைய ஒலிக்கு ஏ-ஐ என்றும் புதியதற்கு ஈ-ஐ என்றும் பிரித்து எழுதினர். மையரில் இருப்பது பழைய ஒலியாதலால் அவர்கள் கையில் அது ஏ-ஐ மையர் ஆயிற்று. ஒய் எழுத்துக்கு அத்தகைய ஒலிநியாயம் ஏதுமில்லை. கையெழுத்தில் ஐ எழுத்தைவிட அது தெளிவாகவும் அழகாகவும் தெரிந்தது என்பதே அதன் சிறப்பு. ஆற்றல் அழியாமையைக் கண்டறிந்தோருள் ஒருவரான ராபர்ட் மையர் பிறந்த ஹைல்பிரான், சந்திரனின் இயக்கத்தைக் கணித்த டோபியாஸ் மையர் பிறந்த மார்பாக் ஆகியன நெக்கார் நதிக்கரையூர்கள்; இருவரும் ஏ-ஒய் மையர்களே. வடக்கே ஃபாரல் என்னும் ஊரில் பிறந்து, தனிம அட்டவணை ஆய்வில் மெண்டலீவோடு சேர்த்துப் பேசப்படும் லோத்தர் மையர், அதே நெக்கார் கரையிலுள்ள ட்யூபிங்கனில் பேராசிரியராக இருந்து மறைந்தார். அவரோ பிறந்த மண்ணின் ஈ-ஒய் எழுத்தைக் கடைசிவரை சுமந்தார்.

எழுத்து இவ்வாறு மனிதரோடு ஒட்டிக்கொண்டது அண்மைக்கால நிகழ்வே. முன்னர் தேவாலயப் பதிவேட்டில் ஒரே குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை வேறுவேறு விதமாக எழுதப்பட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் குடிமைப் பதிவகங்கள் 1876ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பேரரசு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், அன்றைய எழுத்தர் அறிந்த வடிவம் கல்லெழுத்தாகிவிட்டது. இன்று குடும்பப் பெயரை மாற்றுவது ஜெர்மனியில் எளிதன்று. தக்க காரணம் காட்ட வேண்டும். ஆனால் மையர், முல்லர் போன்ற பெயர்களைத் தனித்து அறிய உதவாத தொகைப்பெயர்கள் என்று நிர்வாக விதிகள் ஏற்றுக்கொண்டிருப்பதால், அப்பெயர் உடையவராக இருப்பதே மாற்றத்துக்குப் போதிய காரணமாகிறது. அந்தச் சலுகை இருந்தும் மையர்கள் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

பவேரியாவில் ஏ-ஐ, ஏ-ஒய் இரண்டோடு குறுவடிவமும் வந்து சேர்கிறது. பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1904இல் பிறந்த கெம்ப்டன் வட்டாரத்திலும், எல்லைக்கு அப்பால் மேல் ஆஸ்திரியாவிலும் அதுவே மண்ணின் வடிவம். கீழ் பவேரியாவின் மெட்டன் ஊரில் பிறந்த ஏ-ஐ மையரான செப் மையர், 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மியூனிக் அரங்கின் இலக்குக் கம்பங்களைக் காக்க, மறுமுனையில் வெற்றிக் கோலை அடித்தவர் கெர்ட் முல்லர். நாட்டின் மிகச் சாதாரணமான இரண்டு பெயர்கள் அன்று வென்றன.

பவேரிய, ஆஸ்திரியக் கிராமப் பேச்சில் மையர் என்னும் சொல் மோவார் என்று ஒலிக்கும். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மீதும், பனியற்ற காலத்தில் தார்த் தளங்களிலும், கைப்பிடியுள்ள கனத்த வட்டைச் சறுக்கவிட்டு ஆடும் ஒரு விளையாட்டில், அணித்தலைவருக்கு இன்றும் மோவார் என்பதே பெயர், அணிக்கு மோவார்ஷாஃப்ட். யார் எப்போது எறிவது என்று அவர் சொல்ல மற்றவர்கள் கேட்கின்றனர். அவருடைய அழைப்புமணிப் பலகையில் ஹூபர் என்றோ க்ரூபர் என்றோ எழுதியிருக்கலாம். ஆட்டம் முடியும்வரை காரியக்காரர் அவர்தான்.