ஐந்து விநாடிக் கண்ணீர்

காலை ஆறு மணி நிகழ்ச்சி. அம்மாவின் நினைவு நாளுக்கு நேயர் ஒருவர் அனுப்பிய செய்தியில், அந்த அம்மாவின் பெயரையே தவறாக வாசித்துவிட்டேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தூக்கக் கலக்கம் என்று மூன்று வாரமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியமே கண் மருத்துவரிடம் போனேன். மஞ்சள் சாயம் வைத்து, "சிமிட்டாம இருங்கம்மா" என்று நீல வெளிச்சத்தில் எண்ணினார். பத்து விநாடியாவது தாங்க வேண்டிய கண்ணீர்ப் படலம் எனக்கு ஐந்தில் கிழிந்தது!

சில மைக்ரோமீட்டர் தடிமன்தான் அதற்கு. தலைமுடியைவிட எவ்வளவோ மெல்லியது. வளைந்த விழிமேல் வழிந்துவிடாமல், ஓட்டை விழாமல் அது நிற்க வேண்டும். மேலே ஆவியாகாமல் காக்கும் எண்ணெய், நடுவே நீர், அடியில் மியூசின் என்ற வழவழப்பு. விழி திறந்திருக்கையில் சற்றே கெட்டியாக நிற்கும் கண்ணீர், இமை இறங்கும் வேகத்தில் இளகிவிடுமாம். அதனால்தான் சிமிட்டும்போது உரசுவதில்லை. வாங்கி வந்த சொட்டு மருந்தில் ஹயலுரோனிக் அமிலம் இருப்பதும் இதற்குத்தான்.

என் தவறு? ஏர்கோன் குளிரில் மூன்று திரைகளை முறைத்தபடி சிமிட்ட மறந்தது.

மறுநாள் அந்த நேயரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, இன்னொரு தடவ அம்மா பேரு ரேடியோல வரும்ல" என்றார். ஒலிவாங்கியைத் திறக்குமுன் இரண்டு முறை சிமிட்டிக்கொண்டேன்.