வாடகை வீடா, அரக்கோணம் ரயிலா?

படிப்பை முடித்துச் சென்னையில் முதல் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள் எங்களிடம் கேட்கிற கேள்வி இது. வேலைக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதா, ஊரிலிருந்தே ரயிலில் போய் வருவதா? அரக்கோணத்திலிருந்து ஒன்பது வருடமாகப் போய் வருகிற கணவன் மனைவி நாங்கள். அதனால் கேட்கிறார்கள்.

எல்லோரும் போடுகிற கணக்கை முதலில் போட்டுவிடுவோம். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 69 கிலோமீட்டர். மின்சார ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சீசன் டிக்கெட் மாதம் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். எங்களில் ஒருவருக்கு எழும்பூரில் வேலை, இன்னொருவருக்கு அயனாவரத்தில். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனுக்கும் அலுவலகத்துக்கும் ஆகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். மாதம் 25 நாள் என்றால் 125 மணி நேரம். இந்தப் பக்கம், அயனாவரத்தில் இரண்டு அறை வீட்டுக்கு எங்களிடம் கேட்ட வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை.

நகரங்களைப் பற்றிய பாடத்தில் இதை அழகாக வரைந்து காட்டுவார்கள். மையத்தை விட்டு விலக விலக வாடகை குறையும், பயணச் செலவு கூடும். அவரவர் வசதிக்குத் தக்கபடி ஓரிடத்தில் நின்றுகொள்வார்கள். அந்த வரைபடத்தில் வருகிற வீட்டு ஓனர் யாரிடமும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பதில்லை.

போன வருடம் நான்கு மாதம் வீடு தேடினோம். புரோக்கர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" அடுத்து, "சொந்த ஊரு எது?" அரக்கோணம் என்றால், "அரக்கோணத்துல எந்தப் பக்கம்?" தெருப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேருக்கு விளங்கிவிடும். விளங்காதவர்கள்தான் நேராகக் கேட்பார்கள். எஸ்.சி. என்று சொல்வோம். மறுநாள் காலை போன் வரும். "ஓனர் பையன் வெளிநாட்டுலேர்ந்து வர்றானாம் சார்." அப்படி ஒரு பையன் வருவதாகச் சொன்ன வீட்டில் மூன்று வாரம் கழித்தும் டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த மறுப்புகளை எண்ணிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. உங்களில் பலருக்கு இது புதிதும் அல்ல. எங்களை உண்மையிலேயே தடுமாற வைத்தது கிடைத்த ஒரு வீடுதான். அயனாவரத்தில் அலுவலகத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. காற்றோட்டமான மாடி, தனிக் குடிநீர்க் குழாய். வீட்டுக்காரம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. குழந்தைக்கு பிஸ்கட் எல்லாம் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லம்மா. கீழ் வீட்டுக்காரங்க கேட்டா மட்டும் வேற ஆளுங்கன்னு சொல்லிடுங்க. அந்தப் படத்த உள் ரூம்ல மாட்டிக்கோங்க."

அந்தப் படம் என்று அவர் சொன்னது யாருடைய படம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் கெட்டவர் அல்ல. வாடகையையும் ஆயிரம் ரூபாய் குறைத்தார். மாதம் 125 மணி நேரத்தில் பெரும்பகுதி எங்கள் கைக்குத் திரும்பி வந்திருக்கும். இரண்டு நாள் பேசினோம். பெரியவர்கள் நாங்கள் சமாளித்துவிடுவோம், அலுவலகத்தில் சமாளிக்காததா? குழந்தைக்கு நாலு வயது. கீழ் வீட்டுப் பாட்டி மடியில் உட்கார்ந்து அவள் எதையும் பேசுவாள். ஜெய் பீம் என்று கைதூக்குவாள், அது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு வணக்கம் மாதிரி. அவளிடம் என்ன சொல்லி வைப்பது? எதைப் பேசக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தால், ஏன் என்று அவள் கேட்பாளே, அதற்கு என்ன பதில்? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

1917-இல் பரோடாவில் அண்ணலுக்கு நேர்ந்தது நினைவுக்கு வராமல் இல்லை. கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கு அரசு வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். அதற்கு விடுதிக்காரரும் சம்மதித்திருந்தார். பதினோராம் நாள் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்காமல், பூங்காவில் காத்திருந்து இரவு பம்பாய் ரயிலேறினார். மறைத்து வாழும் வீட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தாலும் குத்தகைக் காலம் அடுத்தவர் கையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பையன் மீது யார் வழக்குப் போடுவது? அதனால் ஒன்று செய்யுங்கள். வீடு இல்லை என்று சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் வேறு சாதி நண்பர் ஒருவரை அதே எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீர்கள். சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் இந்த மாதிரித்தான், வெவ்வேறு சமூகத்தவரை வாடகை வீடு கேட்க வைத்துப் பாகுபாட்டைப் பதிவு செய்தார்கள். அட்வான்ஸ் விஷயத்தில், 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாதம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிலர் இறங்கி வருவார்கள், பலர் சிரிப்பார்கள்.

அப்படியானால் ரயிலே போதும் என்கிறோமா? இல்லை. ரயிலைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறவர்கள் ஒன்பது வருடம் சீசன் டிக்கெட் எடுத்தவர்கள் அல்ல. பூக்கூடைக்காரர்களும், ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகும் அக்காக்களும் எங்களுக்குச் சொந்தம் போல ஆனது உண்மை. போட்டித் தேர்வுக்கு ரயிலிலேயே படித்துத் தேறியவர்களும் உண்டு. ஆனால் நாங்கள் வீடு சேரும்போது குழந்தை தூங்கியிருக்கிறாள். நகரத்தில் மாலைக் கூட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நாங்கள்தான். யார் பேசுவது, யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் நாங்கள் கிளம்பிய பிறகு முடிவாகிறது. சாதி நம்மைத் தூரத்தில் வைக்கிறது. தூரம் நம்மைக் கூட்டத்திலிருந்து எழுப்பிவிடுகிறது.

ஜூனில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதால் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. வியாசர்பாடியில் வீடு பார்த்திருக்கிறோம். சென்ட்ரலிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன், வியாசர்பாடி ஜீவா. வாடகை 9,000, அட்வான்ஸ் மூன்று மாதம்தான். வீடு சிறியது. மழைக்குத் தண்ணீர் நிற்கிற பகுதி. "படிச்சுட்டு மறுபடியும் அங்கயேவா?" என்று எங்கள் சித்தப்பா கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மற்ற கதவுகள் சாத்தியிருக்கும்போது திறந்திருக்கும் கதவில் நுழைவதை முழுச் சுதந்திரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ள மாட்டோம். பேர் கெட்ட ஏரியா என்று அலுவலகத்தில் முகம் சுளிக்கிறார்கள். அந்தப் பேரை யார் வைத்தது என்று அவர்களிடம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரின் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். சாவியைக் கொடுக்கும்முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேரு இருப்பீங்க? தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும், புடிச்சு வச்சுக்கணும்."

அம்மா அரக்கோணத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார். அதனால் சனிக்கிழமை ரயில் எங்களுக்கு இருக்கத்தான் போகிறது.