தொட்டதும் மறைந்த பொம்மை

'தம்பி, சத்தியமா நான் எதையும் அழிக்கலை. அம்பு பட்டதும் அதுவா மறைஞ்சிருச்சு!'

2006. திண்டுக்கல்லில் என் மாமாவின் இரும்புக் கடையில் கணக்கெழுதிய பெரியவர், போனில் கிட்டத்தட்ட அழுதார். முப்பது வருஷம் பேரேடு எழுதிய கை. பி.காம். படித்த எனக்கு ஐந்தொகை உருப்படியாகப் புரிந்ததே அவரிடம்தான். அந்தக் கடனுக்கு, அறுபதை நெருங்கியவர் கையில் மவுஸைக் கொடுத்துப் பழக்கியவன் நான்.

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே குட்டிக் குட்டிப் படங்கள்... அதைத்தான் பொம்மை என்பார். காலையில் வந்ததும் கல்லாச் சில்லறை மாதிரி எண்ணுவார். நேற்று ஏழு, இன்று ஆறு என்றால் அன்றைக்குத் தூக்கம் போச்சு!

விளக்கினேன். ஒரு புரோகிராம் பாதியில் செத்துப்போனால், அதன் படத்தை எடுக்க ஆளிருக்காது. மவுஸ் மேலே போகும்போதுதான் விண்டோஸ், 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்று தேடும். ஆளில்லை என்றதும் தூக்கிவிடும்.

'அப்ப நான் தொடறதுக்கு முன்னாடியே செத்ததுதானே?' ரெண்டு முறை கேட்டுக்கொண்டார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. 'ஒலிபெருக்கி: ஒரு தட்டு, சத்தம். ரெண்டு தட்டு, பெரிய பெட்டி. கடிகாரம்: ஒரு தட்டு, ஒன்றுமில்லை. ரெண்டு தட்டு, தேதி மாறும், ஜாக்கிரதை! பச்சை அம்பு: பென் டிரைவ் எடுக்க. ஒரு தட்டு போதும்.'

'நம்மூர்ப் பூட்டுகூட சாவி போட்டா ஒரு பக்கம்தானே தம்பி திரும்பும்?' என்றார். பதில் சொல்லத் திணறினேன். 1995-ல் விண்டோஸ் 95 இந்த மூலையைக் கொண்டுவந்தபோதே, 'இங்கே மவுஸ் தட்டினாங்க' என்று தகவல் சொல்வதோடு விண்டோஸ் ஒதுங்கிக்கொண்டது. என்ன செய்வது என்பது அந்தந்த புரோகிராம் எழுதியவர் இஷ்டம். ஆளுக்கொரு நாட்டாமை!

அக்டோபர் 31 வருமான வரித் தணிக்கைக்குக் கெடு. வருஷக் கணக்கை பென் டிரைவில் ஏற்றினார் பெரியவர். பச்சை அம்பைக் காணோம். விண்டோஸ் எக்ஸ்பி, அதிகம் தொடாத படங்களை ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும். (விண்டோஸ் 11-லும் அந்த அம்புக்குறி உண்டு.) என் கம்ப்யூட்டரில் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

ஆடிட்டர் ஆபீஸ் பையன் வாசலில் அவசரப்படுத்த, ஏறி முடிவதற்குள் பிடுங்கிவிட்டார். அங்கே ஃபைல் திறக்கவில்லை.

'இந்த வயசுல உமக்கெல்லாம் எதுக்குய்யா கம்ப்யூட்டர்?' கடைப் பையன்கள் முன்னால் மாமா கத்தியிருக்கிறார். ராத்திரி எனக்கும் போன் போட்டுப் புலம்பினார். நான் வெறுமனே 'ம்' கொட்டினேன்.

மறுநாள் பெரியவர் கடைக்கு வரவில்லை. அடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினேன். திண்ணையில் இருந்தார். 'முப்பது வருஷத்துல ஒரு நாள் கணக்கு உதைச்சதில்லை தம்பி' என்றார். அம்புக்குறி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சாயங்காலம் மாமாவிடம், 'தப்பு என்னோடது' என்றேன்.

'இதை அன்னிக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல மாப்ளே?' என்றார். திங்கட்கிழமை அவரே போய் டி.வி.எஸ். 50-ல் பெரியவரை அழைத்துவந்தார்.

அடுத்த முறை போனபோது நோட்டைப் புரட்டினேன். புது வரி ஒன்று இருந்தது. 'சின்ன அம்பு: முதலில் இதைத் தட்டவும்.' பக்கத்தில், சிவப்பு மையில்: 'தம்பி சொல்ல மறந்தது.'