இடம் மாறும்போது தொழிலும் கூட வரட்டும்

கணவருக்குத் தூர இடத்தில் வேலை கிடைத்தால் நம் வீடுகளில் பேசப்படும் விஷயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வயதான உம்மா வாப்பாவை யார் பார்ப்பது என்று அந்த வரிசை நீளும். மனைவியும் உத்தியோகம் செய்பவளாக இருந்தால், அவளுடைய உத்தியோகத்தைப் பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். "அங்க போய்ப் பாத்துக்குவம்" என்ற ஒரே பேச்சில் அது முடிந்தும் விடும்.

மற்றத் தொழில்களுக்கு எப்படியோ, எங்கள் தொழிலுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. தையல் தெரிந்தவள் மெஷினைக் கொண்டுபோய் எங்கும் தைக்கலாம். தாதியின் கையில் உள்ள அனுபவம் அவளோடு வரும். ஆனால் அந்த அனுபவத்தைக் கொண்டு வேலை செய்யும் அனுமதி கூடவே வராது. ஒவ்வொரு நாடும் தன் நோயாளியைத் தொடுவதற்குத் தானே உத்தரவு தரவேண்டும். அது நியாயமான சட்டம்தான். அந்த உத்தரவைப் பெறுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதைப் பற்றித்தான் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, எங்கள் பகுதி அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். 2022ஆம் ஆண்டு நாட்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு, வீட்டில் கேஸுக்குத் தட்டுப்பாடு. கணக்காளராக இருந்த என் கணவருக்கு அந்த வருடக் கடைசியில் கட்டாரில் வேலை கிடைத்தது. சில மாதம் தனியாக இருந்து பார்த்தார். பிறகு எங்களையும் அழைத்தார்.

உம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "பென்சன் உத்தியோகத்த உட்டுப்போட்டுப் போனா நாளைக்கு யாரு மகள் தருவான்? மாப்பிள்ள உழைக்கட்டும், நீ புள்ளைகளோட இங்க இரி" என்றார். உம்மாவின் பேச்சில் அனுபவம் இருந்தது. வெளிநாட்டுப் பணத்தை நம்பி ஊர் வேலையை விட்டு, பிறகு இரண்டும் இல்லாமல் நின்றவர்களை அவர் கண்டிருக்கிறார். ஆனால் பிள்ளைகள் இரண்டும் வாப்பாவைத் தொலைபேசியில் மட்டும் கண்டு வளர்வதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு வழி திறந்திருந்தது. 2022 ஜூன் மாதத்தில் அரசாங்கம் வெளியிட்ட சுற்றுநிருபமொன்று, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்ல இடம் கொடுத்தது. சேவை மூப்புக்கும் பென்சனுக்கும் பாதிப்பில்லை என்றும் சொன்னது. நான் இராஜினாமாச் செய்யாமல் லீவு எடுத்தேன். உம்மாவின் மனமும் ஓரளவு ஆறியது.

விடைபெறப் போன அன்று எங்கள் வாட்டுப் பொறுப்பு சிஸ்டர் என்னைப் பக்கத்தில் இருத்தி ஒரு துண்டில் எழுதித் தந்தார். பயிற்சிச் சான்றிதழ், பாடவாரியான புள்ளி விபரம், தாதியர் சபைப் பதிவு, ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லை என்று சபை தரும் கடிதம், எந்த வாட்டில் எத்தனை வருடம் என்று திகதியோடு கூடிய சேவைக் கடிதம். "இதுகளக் கையில எடுக்காம பிளேன் ஏறாத. அங்கிருந்து ஒரு கடிதம் எடுக்க இங்க ஒராள் பத்துத்தரம் அலையணும்" என்றார். அதற்காக இன்றும் அவருக்கு துஆச் செய்கிறேன். ஒவ்வொன்றையும் எடுத்து, கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் பின்னர் கட்டார் தூதரகத்திலும் உறுதிப்படுத்திக் கொண்டேன். விவாகப் பதிவையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அப்படியே செய்தோம். அது இல்லாமல் குடும்ப வீசா இல்லை.

இவ்வளவு செய்தும் ஒரு முள் இருந்தது. அது என் பெயர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் 'பாத்திமா' என்பது ஆங்கிலத்தில் ஒரு விதமாக, கடவுச்சீட்டில் இன்னொரு விதமாக. பயிற்சிச் சான்றிதழிலோ முதலெழுத்து மட்டும். நம் பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்தக் கதைதான். ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. வெளிநாட்டில் கம்பியூட்டருக்கு அது மூன்று வேறு ஆட்கள். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவேண்டி வந்தது.

கட்டாரில் தாதி வேலைக்கு மூன்று படி ஏறவேண்டும். முதலாவது, டேட்டாஃப்ளோ என்னும் நிறுவனம் நம் சான்றிதழ்களை வாங்கி, அவற்றைத் தந்த இடங்களுக்கே எழுதி, உண்மைதானா என்று விசாரிக்கும். இரண்டாவது, புரோமெட்ரிக் பரீட்சை. கம்பியூட்டருக்கு முன் அமர்ந்து சரியான விடையைத் தெரிவுசெய்ய வேண்டும். மூன்றாவது, இவற்றில் தேறிய பின் வேலை தரும் ஆஸ்பத்திரியோ கிளினிக்கோ முன்வர, சுகாதார அமைச்சு தரும் உரிமம்.

2023 மார்ச்சில் டோஹாவில் இறங்கிய நான் முதலாவது படியிலேயே ஆறு மாதம் நின்றேன். ஊரிலிருந்து ஓர் அலுவலகம் அனுப்பவேண்டிய பதில் வரவில்லை. தம்பி வாரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்பான். "சேர் லீவு", "பைல் மேல போயிருக்கு" என்ற பதிலோடு திரும்புவான்.

அந்த ஆறு மாதம் என் வாழ்வில் கடினமான காலம். பணக்கஷ்டம் இல்லை, கணவரிடமும் குறையில்லை. ஊரில் காலையில் வாட்டுக்குள் நுழைந்தால் "மிஸி, மிஸி" என்று நாலு பக்கமும் அழைப்பார்கள். அங்கே நான்கு சுவருக்குள் என்னை அழைக்க யாருமில்லை. அடையாள அட்டையிலும் கணவரின் பொறுப்பில் வந்தவள் என்றே எழுதியிருந்தது. வீட்டு வேலை தாழ்ந்ததென்று சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடம் உயிரோடும் மரணத்தோடும் பழகிய கை சும்மா இருக்கும்போது அது நோகும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்த நாட்களில் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சகோதரி, தன் மாமியாருக்குத் தினமும் வந்து ஊசி போட்டுவிடும்படி கேட்டார். நல்ல பணமும் தருவதாகச் சொன்னார். உரிமம் இல்லாமல் அந்த நாட்டில் ஊசியைத் தொடுவது குற்றம். பிடிபட்டால் என் தொழிலும் போகும், கணவரின் வேலைக்கும் வில்லங்கம். அதற்கும் மேலாக, அந்த மூதாட்டிக்கு ஏதும் நடந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வழிகாட்டி விட்டேன், ஊசி போடவில்லை. சிலர் என்னைப் பெருமைக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பதில் ஒருவாறு வந்து சேர்ந்தது. பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினேன். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் புத்தகத்தை விரித்தால், தெரிந்த மருந்துகளே முகம் மாறி நின்றன. நாம் பெரசிட்டமோல் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பார்கள். அட்ரினலின் அங்கே எபினெஃப்ரின். சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். படித்த புத்தகமெல்லாம் அவர்களுடைய பெயரில்தான். நாம் மில்லிகிராமில் சொல்லும் இரத்தச் சீனியை வேறு இடங்களில் மில்லிமோலில் சொல்வார்கள். நம் 126 அங்கே 7. பதினெட்டால் பிரிக்கவேண்டும் என்று குசினிச் சுவரில் எழுதி ஒட்டினேன். சோறு ஆக்குவதையும் பிள்ளைகளைப் படிப்பிப்பதையும் கணவர் இரண்டு மாதம் தன் பொறுப்பில் எடுத்தார். முதலாவது தடவையிலேயே சித்தியடைந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

நேர்முகப் பரீட்சையில் வேறொரு பாடம் கிடைத்தது. ஓரிடத்தில் எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்கள் கணவரின் வீசாவில்தானே இருக்கிறீர்கள்? வீடும் அவர் தருவார். சம்பளம் இவ்வளவு போதுமே" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அதே வேலைக்கு வெளியிலிருந்து வருபவருக்குக் கொடுப்பதில் பாதிதான் அது. வீட்டு வசதியையும் விமான டிக்கட்டையும் கழிப்பது நியாயம். வேலைக்கான கூலியையே கழிப்பது எப்படி நியாயமாகும்? நோயாளிக்கு நான் பாதித் தாதியா? யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தேன். "உன்ட தொழிலுக்கு நீதான் விலை சொல்லணும். நமக்கு அவசரமில்ல" என்றார் கணவர். அந்தச் சொல் எனக்குப் பெரிய பலமாக இருந்தது. அந்த வேலையை மறுத்துவிட்டேன்.

நாலாவது இடத்தில் கிடைத்தது ஒரு சிறிய கிளினிக். 2024 மே மாதத்தில் சேர்ந்தேன். அவசர சிகிச்சை வாட்டில் நின்றவளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் ஆரம்பத்தில் சிறிதாகவே தெரிந்தது. வந்த முதல் கோடையிலேயே அந்த எண்ணம் மாறியது. ஜூன் முதலாம் திகதியிலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை பத்து மணிக்கும் மாலை மூன்றரைக்கும் இடையில் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு முன்பே உடல் வற்றிப்போய் வருபவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் தலைசுற்றி வந்த ஒருவர் எந்த மொழியில் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். கடவுச்சீட்டைப் பார்த்தால் இலங்கை. "தம்பி, காலையில என்ன சாப்பிட்ட? சீனிக் குளிசை எடுக்கிறயா?" என்று தமிழில் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக மருந்து தீர்ந்துபோய், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறார். என் வேலை சிறிதென்று அதன்பின் நான் நினைக்கவில்லை.

அரபு மொழியும் மெல்ல மெல்ல வந்தது. சிறுவயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறோம், ஆனால் ஒரு நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று அந்த மொழியில் கேட்கத் தெரியாமல் நிற்கிறோம். கூட வேலை செய்த கேரளச் சகோதரியிடமும் பிலிப்பைன்ஸ் சகோதரியிடமும் தினம் ஐந்து சொல்லாகக் கேட்டுப் படித்தேன்.

இதைப் படிக்கும் தாதிச் சகோதரிகளுக்கும், மருத்துவிச்சி, மருந்தாளர் போன்ற பதிவுள்ள தொழில் செய்பவர்களுக்கும் சொல்வது இதுதான். கணவரின் வேலை உறுதியான அன்றே உங்கள் கடிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாக் கடிதத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இதைத் திருத்திவிடுங்கள். லீவு எடுக்க வழியிருந்தால் இராஜினாமாச் செய்யாதீர்கள். வேலை இல்லாத காலம் நீளநீள உரிமம் தருபவர்களின் கேள்விகளும் கூடும். ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உரிமம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருங்கள்.

கணவர்மாருக்கும் ஒரு சொல். உங்கள் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் அதே தாளில் மனைவியின் தொழிலையும் எழுதுங்கள். அவள் எத்தனை மாதம் வேலையில்லாமல் இருக்கவேண்டி வரும், பரீட்சைக்கு எவ்வளவு செல்லும், அவள் படிக்கும்போது பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதெல்லாம் பிளேன் ஏறமுன் பேசவேண்டியவை.

எனது லீவு 2028இல் முடிகிறது. அப்போது திரும்புவதா, இருப்பதா என்ற கேள்வி மீண்டும் வரும். உம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். அதற்கான கணக்கை நானும் கணவரும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். இந்த முறை அதில் இரண்டு உத்தியோகங்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.